எஸ்டிமேட்டில் இல்லாத பட்டாம்பூச்சி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூடுமானவரை பேசியபடியே தரப்பட்டுள்ளது.)



செயலாளர் என்னைப் பேசச் சொல்லிப் போன் செய்தபோது, "நீ ரோடு வேலையில பத்து வருஷத்துக்கு மேல இருக்கே. புதுசா என்னென்ன வந்திருக்குன்னு நம்ம பசங்களுக்குச் சொல்லேன்" என்றார். "பட்டாம்பூச்சி பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே?" என்றார்.

எல்லாரும் சௌக்கியம்தான். நான் பேசப்போவதும் ரோடு வேலை பற்றித்தான். ஆனால் அதற்கு ஒரு மலையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். பொறுத்தருள வேண்டும்.

நான் மங்கலம்பேட்டைக்காரன். விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடையில் இருக்கிற ஊர். படிக்கிற காலத்தில் விருத்தாசலம் வந்து, அங்கிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்து வருவேன். சர்வே கேம்ப்பில் டம்பி லெவலைத் தொட எனக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை. எப்போதும் ஸ்டாஃப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிற வேலைதான். அசையாமல் நிற்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். அது பிற்பாடு பட்டாம்பூச்சிப் படம் பிடிக்க உதவும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

2022-ஆம் ஆண்டு ஆயுத பூஜை விடுமுறை. வேலைக்குச் சேர்ந்த பிறகு குடும்பத்தோடு நான்கு நாள் சேர்ந்தாற்போல் வெளியூர் போனதே இல்லை. ஊட்டி போகலாம் என்றாள் என் மனைவி. அந்த விடுமுறையில் ஊட்டியில் கார் நிறுத்த இடம் கிடைத்தாலே பெரிய காரியம். அப்போதுதான் என் தந்தையார் சொன்னார்: "கல்வராயன் மலைக்குப் போவோம்டா. நம்ம மணிமுத்தாறு அங்கேருந்துதான் வருது. வருஷா வருஷம் மாசி மகத்துக்கு விருத்தாசலத்துல முழுக்குப் போடுறோம். தண்ணி எங்கேருந்து வருதுன்னு ஒரு தடவை பார்க்க வேணாமா?"

அவருக்கு அப்போது அறுபத்தேழு வயது. எங்கள் வீட்டிலிருந்து மலை அப்படி ஒன்றும் தொலைவு இல்லை. உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, கச்சிராயப்பாளையம், அப்படியே கோமுகி அணையைத் தாண்டி மேலே ஏறினால் வெள்ளிமலை. இருந்தும் அவர் போனதில்லை. நெல்லும் மணிலாவும் கரும்பும் மனுஷனை விட்டால்தானே!

ஒரு நண்பர் எனக்குப் பழைய கேமரா ஒன்றையும், 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் ஒன்றையும் பாதி விலைக்குத் தள்ளிவிட்டிருந்தார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டில் குத்துவிளக்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மலைக்குப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டேன். அப்பா, என் மனைவி, எட்டு வயது மகள், நான், கேமரா. இப்படி ஐந்து பேர் புறப்பட்டோம்.

முதல் நாள் காலை பத்து மணிக்குப் படம் பிடிக்கக் கிளம்பினேன். பட்டாம்பூச்சிகள் ஏராளம். படம் ஒன்றுகூட இல்லை. நான் ஓர் அடி வைத்தால் அது பத்து அடி போகிறது. கிட்டே போய்க் குனிந்தால் என் நிழல் அதன்மேல் விழுகிறது, உடனே பறந்துவிடுகிறது. மதியம் வரை ஓடி நூற்றிருபது படம் எடுத்தேன். நூற்றிருபதிலும் இலை இருந்தது, பூ இருந்தது. பட்டாம்பூச்சி மட்டும் அப்போதுதான் புறப்பட்டுப் போயிருந்தது.

சாயங்காலம் என் மகள் தன் அம்மாவின் செல்போனில் எடுத்த நான்கு படங்களைக் காட்டினாள். நான்கிலும் பூச்சி முழுசாக இருந்தது. "எப்படி பாப்பா எடுத்தே?" என்றேன். "தாத்தா சும்மா உட்காருன்னு சொன்னாரு. உட்கார்ந்தேன். அதுவே வந்துச்சுப்பா" என்றாள்.

இங்கே சில பேர் கேமரா வைத்திருப்பீர்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டாம்பூச்சியின் உடம்புச் சூடு வெயிலை நம்பித்தான் இருக்கிறது. மலையில் விடியற்காலைக் குளிரில் அதனால் பறக்க முடியாது. வெயில் வந்ததும் இறக்கையை விரித்துச் சூடேற்றிக்கொள்ளும். நம் மொழியில் சொன்னால் சோலார் பேனல் மாதிரி. ஆகவே காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் போனால் அது நமக்காகக் காத்திருக்கும். பத்து மணிக்குப் போகிறவன் என்னை மாதிரி ஓட வேண்டியதுதான்.

இரண்டாவது, நிழல். சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து, நம் நிழல் அதன்மேல் விழாதபடி சுற்றிப் போக வேண்டும். நின்றபடி போகாமல் உட்கார்ந்தே நகர்வது நல்லது. மூன்றாவது, கிட்டத்தில் எடுக்கும்போது தெளிவாக விழுகிற ஆழம் சில மில்லிமீட்டர்தான். இறக்கையின் தளமும் கேமராவுக்குள் இருக்கிற சென்சாரின் தளமும் இணையாக இருக்க வேண்டும். எஞ்சினியரிங் டிராயிங்கில் இணைத்தளம் வரைய வராமல் அரியர் வைத்தவன் நான். அந்தப் பாடத்தை ஒரு பூச்சி எனக்குத் திரும்ப நடத்தியது. ஷட்டர் வேகம் ஐந்நூறில் ஒரு விநாடிக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஸ்டாஃப் பிடித்தவன் மாதிரி அசையாமல் இருப்பது!

இரண்டாம் நாள் காலை அப்பாவோடு கரியாலூர் பக்கம் நடந்தேன். வழியில் சாலையோரம் ஒரு புதர். மஞ்சள் பூவும், காய்ந்து ஆடினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போடுகிற காயுமாக இருந்தது. "கிலுகிலுப்பைடா" என்றார் அப்பா. அந்தப் புதர் முழுக்கக் கறுப்பும் நீலமுமாகப் பூச்சிகள். பூவில் தேன் குடிக்கவில்லை. வாடிப்போன தண்டிலும் காயிலும் இலையிலும் உட்கார்ந்து எதையோ உறிஞ்சிக்கொண்டிருந்தன. என்ன ஆச்சரியம் என்றால், முந்தின நாள் என்னை ஓட ஓட விரட்டிய அதே ஜாதிப் பூச்சிகள் இங்கே கையால் தொடுகிற தூரத்தில்கூட நகரவில்லை. கள்ளுக்கடையில் உட்கார்ந்தவன் மாதிரி சொக்கிப்போய் இருந்தன.

வீட்டுக்கு வந்து புத்தகம் பார்த்துப் பெயர்களைத் தெரிந்துகொண்டேன். நீலக் கோடு போட்டது ப்ளூ டைகர், தமிழில் நீலவரியன் என்கிறார்கள். கறுப்பு இறக்கையில் ஓரத்தில் வெள்ளைப் புள்ளி வைத்தது காமன் க்ரோ, வெண்புள்ளிக் கருப்பன். இவை எல்லாம் எருக்குக் குடும்பத்தைச் சார்ந்து வாழ்கிற வகை. எருக்க இலையைத் தின்று வளர்கிற வெந்தய வரியனும் இதே கூட்டம்தான். வெண்புள்ளிக் கருப்பனின் புழு அரளியையும் நன்னாரியையும்கூடத் தின்னும். பாலும் விஷமும் உள்ள செடியைத் தின்று அந்த விஷத்தை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் இவற்றைப் பறவைகள் பொதுவாகத் தொடுவதில்லை. அதனால்தான் அவசரமே இல்லாமல் மிதந்து பறக்கின்றன.

அப்படியானால் கிலுகிலுப்பையில் என்ன வேலை? அந்தச் செடியிலும், தேள்கொடுக்கு போன்ற சில செடிகளிலும் பைரோலிசிடின் என்கிற வகை ஆல்கலாய்டு இருக்கிறது. ஆண் பூச்சிகள்தான் பெரும்பாலும் இதற்கு வரும். இலையைக் காலால் பிராண்டி, கசிகிற சாற்றை உறிஞ்சும். பெண்ணைக் கவரும் வாசனையை இதிலிருந்துதான் தயாரிக்கின்றன. பறவைகளிடமிருந்து தப்பிக்கவும் இது கூடுதல் பாதுகாப்பு. சுருக்கமாக, இந்தச் செடி கிடைக்காத மாப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆவது கஷ்டம்.

இதையெல்லாம் நான் புத்தகம் பார்த்துச் சொல்கிறேன். என் தந்தையார் புத்தகம் பார்க்காமலே அந்தப் புதரின் முன்னால் நின்று சொன்னார்: "நாங்க நடவுக்கு முன்னாடி சணப்பு விதைச்சு மடக்கி உழுவோம் பாரு, அப்போ வாடின சணப்புல இந்தக் கறுப்புப் பூச்சி வந்து மொய்க்கும். ஏரி உள்வாயில தேள்கொடுக்கைப் பிடுங்கிப் போட்டாலும் சாயந்திரத்துக்குள்ள வந்துடும். இப்போ சணப்பும் இல்லே, பூச்சியும் இல்லே." தழைச்சத்துக்காகப் போட்ட சணப்பும் கிலுகிலுப்பையும் ஒரே இனம். பெயரைக் கேட்டால் அவருக்குத் தெரியாது. உறவு தெரிந்திருக்கிறது.

அன்றைக்குப் பதினோரு மணி வாக்கில்தான் நான் வாழ்க்கையில் மறக்க முடியாத காட்சியைப் பார்த்தேன். ஒரு மேட்டில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தோம். என் மனைவி, "என்னங்க, இந்தப் பூச்சியெல்லாம் ஒரே பக்கமாப் போகுது, கவனிச்சீங்களா?" என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். மரத்தின் உயரத்தில் ஒன்று, அதற்குப் பின்னால் இரண்டு, தரையோடு ஒட்டி மூன்று. எல்லாமே கறுப்பும் நீலமும். எல்லாமே மேற்கு, தென்மேற்காகப் போகின்றன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த வரிசை அறுபடவே இல்லை.

கேமராவைத் தூக்கினேன். படத்தில் வானமும் நான்கு கரும்புள்ளியும்தான் விழுந்தன. பல்லில் சிக்கிய எள் மாதிரி இருந்தது. இதைப் படம் பிடிக்க முடியாது என்று புரிந்தது. அப்போதுதான் நம் படிப்பு கைகொடுத்தது. ரோட்டில் வாகனக் கணக்கெடுப்பு செய்வோமே, அதையே செய்தேன். இரண்டு சில்வர் ஓக் மரங்களை அடையாளம் வைத்துக்கொண்டு, அவற்றுக்கு நடுவே கடக்கிற பூச்சிகளை ஐந்து நிமிடம் எண்ணுவது. நான் எண்ணிச் சொல்ல, என் மகள் நோட்டில் நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே போட்டாள். முதல் ஐந்து நிமிடத்தில் 63. அடுத்ததில் 58. அதற்கடுத்ததில் 71. எதிர்த்திசையில் வந்தது ஒன்றும் இல்லை. முழுக்க ஒருவழிப் பாதை! "இதுக்கு எத்தனை லேன் ரோடுப்பா போடணும்?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் வேறு எப்படிப் பேசுவாள்?

அந்தக் காட்சியின் காரணத்தை ஊருக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன். இந்த எருக்குக் குடும்பத்துப் பூச்சிகள் நம் மாநிலத்தின் குறுக்கே வருஷத்துக்கு இரண்டு தடவை இடம் பெயர்கின்றன. தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்ட ஆரம்பிக்கும் காலத்தை ஒட்டி, ஏப்ரல் முதல் ஜூன் வரை அங்கிருந்து கிழக்கே வருகின்றன. நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் முன்பும் பிடிக்கும்போதும், ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை, சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலையிலிருந்து நீலகிரி, ஆனைமலை, பழனிமலைப் பக்கம் போகின்றன. கோயம்புத்தூரை மையமாகக் கொண்ட தி நேச்சர் அண்டு பட்டர்ஃப்ளை சொசைட்டி என்கிற அமைப்பினர் இதை வருஷா வருஷம் கவனித்துக் குறித்து வருகிறார்கள். பெரும்பாலும் வேறு வேலை பார்க்கிற சாதாரண ஆட்கள்தான், நம்மைப்போல.

கல்வராயனிலிருந்து நீலகிரி நேர்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர். பூச்சியின் எடை ஒரு கிராம்கூட இருக்காது. டீசல் இல்லை, டோல்கேட் இல்லை. நடுவே சேலமும் ஈரோடும் இருக்கிறது, காவிரி இருக்கிறது, நான்கு வழிச் சாலைகள் இருக்கின்றன.

உலகத்தில் இதற்கு அண்ணன் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் மோனார்க் பட்டாம்பூச்சி. நம் நீலவரியனுக்கு நெருங்கிய சொந்தம். கனடாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் குளிர்காலத்தில் இவை எங்கே போகின்றன என்று ஃப்ரெட் உர்குஹார்ட் என்கிற கனடா நாட்டு ஆராய்ச்சியாளரும் அவர் மனைவி நோராவும் ஏறக்குறைய நாற்பது வருஷம் தேடினார்கள். இறக்கையில் சிறு காகிதச் சீட்டு ஒட்டி விட்டார்கள். ஊர் ஊராகத் தன்னார்வலர்களைச் சேர்த்தார்கள். கடைசியில் 1975 ஜனவரியில் மெக்ஸிகோ நாட்டு மலைக்காட்டில் மரம் முழுக்கக் கோடிக்கணக்கில் அவை தொங்கிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சில பூச்சிகள் 4,000 கிலோமீட்டர் வரை வந்திருந்தன. அங்கே போய்ப் பார்க்க உலகமே திரள்கிறது. நம்மவர்கள் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு மேலேயே பறந்து போனாலும் நாம் அண்ணாந்து பார்ப்பதில்லை.

நம் அரசாங்கம் 2019-இல் தமிழ் மறவன் என்கிற பட்டாம்பூச்சியை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. திருவரங்கத்தில் 2015-இல் பட்டாம்பூச்சிப் பூங்கா திறந்தார்கள். குழந்தைகளை அழைத்துக்கொண்டு போக நல்ல இடம். ஆனால் இடம் பெயர்கிற பூச்சிக்கு ஒரு பூங்கா போதாது. ரயிலுக்கு எழும்பூரும் மதுரையும் மட்டும் இருந்தால் போதுமா? நடுவில் தண்ணீர் பிடிக்க, சாப்பாடு வாங்க ஸ்டேஷன்கள் வேண்டாமா?

நண்பர்களே, இதுவரை சொன்னது சுற்றுலாக் கதை. இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் நான் இந்த மேடைக்கு வந்தேன்.

ஊர் திரும்பிய வாரத்தில் ஒரு ராத்திரி, என் செல்போனில் இடம் இல்லை என்று பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் சைட் படங்கள். நான் ஒரு கான்ட்ராக்ட் நிறுவனத்தில் இருக்கிறேன். அதன் பெயரும் அந்த ரோடு எங்கே என்பதும் இங்கே வேண்டாம். பில் போடுவதற்கு வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று படம் எடுக்க வேண்டும். செயினேஜ் எழுதிய பலகையை ஒரு தொழிலாளி பிடித்துக்கொண்டு நிற்பார், பின்னால் புதர் தெரியும். அடுத்த படத்தில் அதே ஆள், அதே பலகை, பின்னால் வெறும் செம்மண். நம் பாஷையில் ஜங்கிள் கிளியரன்ஸ். ஹெக்டேர் கணக்கில் அளந்து பணம் வாங்குகிற வேலை.

அழிக்கப் போன ஒரு படத்தில் பலகைக்குப் பின்னால் எருக்கும் தேள்கொடுக்குமாக ஒரு புதர். புதரில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். நீலவரியன். ஒன்று இரண்டு இல்லை. எண்ண ஆரம்பித்தேன், நாற்பதுக்கு மேல் எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன். செப்டம்பர் மாதம் முதல் வாரத்தில், மலைக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பு, என் கையாலேயே எடுத்த படம். மேக்ரோ லென்ஸ் வைத்து எடுத்ததையெல்லாம்விட அதிகப் பட்டாம்பூச்சி இருந்த என் படம் அதுதான்.

அடுத்த படத்தைத் தள்ளினேன். அதே பலகை. வெறும் மண். படம் எடுத்த நேரம் போனில் பதிவாகியிருந்தது. முதல் படத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஐம்பது நிமிடம். ஜேசிபி டிரைவரிடம் "இதையும் தள்ளிடுப்பா" என்று சொன்னது நான்தான். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கு அந்தப் பூச்சிகள் என் கண்முன்னால்தான் இருந்திருக்கின்றன. நான் பலகையில் எழுதிய எண் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

அந்த இரண்டு படத்தையும் நான் அழிக்கவில்லை. அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "நான் மட்டும் என்னாடா, இருபது வருஷமாத் தேள்கொடுக்குக்கு மருந்து அடிச்சேன்" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ரோடு போடக்கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. சொன்னால் எனக்கும் உங்களில் பாதிப் பேருக்கும் சம்பளம் வராது. ரோடு வந்ததால்தான் வெள்ளிமலைப் பிள்ளைகள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்கு வர முடிகிறது. ஆனால் அன்றைக்கு நான் தள்ளச் சொன்ன அந்தப் புதர் ரோட்டுக்குள் இல்லை. வடிகாலுக்குள்ளும் இல்லை. வடிகாலுக்கு வெளியே, நில எல்லைக் கல்லை ஒட்டி இருந்தது. அங்கே ஒரு மண்வெட்டி வேலைகூட எஸ்டிமேட்டில் கிடையாது. பிறகு ஏன் தள்ளினேன்? ஏரியா கூடினால் பில் கூடும். பார்க்கச் சுத்தமாக இருக்கும். இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் "நீட்டா இருக்கே" என்பார். இந்த மூன்று காரணம்தான். யோசித்துப் பார்த்தால் மூன்றுமே என்ஜினியரிங் காரணம் இல்லை.

அடுத்த வேலை 2023-இல் ஆரம்பித்தது. இந்தத் தடவை ஜேசிபி வருவதற்கு முன்னால், காலை எட்டு மணிக்கு, முழு நீளமும் நடந்தேன். எருக்கு, தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை, நன்னாரிக் கொடி இருக்கிற இடத்தின் செயினேஜைக் குறித்தேன். வளைவின் உட்பக்கத்தில் இருந்ததை விட முடியாது. எதிரே வருகிற வண்டி தெரியாது, ஆள் செத்துப்போவான். அதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. நேராகப் போகிற இடத்தில், வடிகாலுக்கு வெளியே, மறைப்பு எதுவும் இல்லாத இடம் என்று சலித்துப் பார்த்ததில் ஐந்து இடம் தேறியது. என் மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். "பூச்சிக்காக அளவுப் புத்தகத்தைத் திருத்தச் சொல்றியா?" என்று சிரித்தார். "திருத்த வேண்டாம் சார், அளக்காமல் விடலாம்" என்றேன். நான்கு இடத்தை அடித்துவிட்டார். ஒன்றை விட்டார். நாற்பது மீட்டர் நீளம்.

நாற்பது மீட்டர். பத்து வருஷம் நான் தள்ளியதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. அதைப் பெரிய சாதனை மாதிரி இங்கே சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 2024 அக்டோபரில் அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போனபோது வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். தேள்கொடுக்கு ஒரு பக்கம் வாடிக் கிடந்தது. அதில் பதினொரு பூச்சிகள். ஏழு வெண்புள்ளிக் கருப்பன், நான்கு நீலவரியன். படம் எடுக்கக் கேமரா கையில் இல்லை. வாகனக் கணக்கெடுப்பு நோட்டில் தேதி போட்டுப் பதினொரு கோடு போட்டுக்கொண்டேன்.

இந்தக் கூட்டத்தில் நெடுஞ்சாலைத் துறையில் இருக்கிறவர்கள் உண்டு, பொதுப்பணித் துறையில் இருக்கிறவர்கள் உண்டு, மின்வாரியத்தில் லைன் போடுகிறவர்கள், லே-அவுட் போடுகிறவர்கள், சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள் உண்டு. உங்களிடம் நான் கேட்பது பணம் இல்லை, உறுப்பினர் கட்டணம் இல்லை. அது சங்கப் பொருளாளரின் வேலை. எஸ்டிமேட்டில் செடி அகற்றுதல் என்று ஒரு வரி எழுதும்போது, எழுதுவதற்கு முன் ஒரு காலை நேரத்தில் அந்த இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். தேவையானதை எடுங்கள். தேவையில்லாததை விடுங்கள். கிணற்றடியிலோ வீட்டு மதில் ஓரத்திலோ ஒரு எருக்கும் நான்கு தேள்கொடுக்கும் முளைத்தால் களை என்று உடனே பிடுங்க வேண்டாம். நம் கல்லூரி வளாகத்தின் மதில் ஓரமும் இதற்கு நல்ல இடம் என்பதைப் பேராசிரியர்களிடம் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஒவ்வொரு வருஷமும் செப்டம்பரில் நாடு முழுக்கப் பட்டாம்பூச்சி கணக்கெடுக்கும் மாதம் என்று 2020-லிருந்து நடத்துகிறார்கள். அதற்குப் பெரிய கேமரா வேண்டாம், கையில் இருக்கிற செல்போன் போதும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். ஓடாமல் உட்காரச் சொல்லுங்கள்.

என் தந்தையார் இன்றைக்கு இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மங்கலம்பேட்டையில் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் அரைக் குழி நிலத்தில் இப்போது மருந்து அடிப்பதில்லை. சென்ற பட்டத்தில் சணப்பும் விதைத்தார். "பூச்சிக்கு இல்லடா, மண்ணுக்கு" என்று சொல்லிக்கொள்கிறார். நான் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை.

மலையைச் சுற்றி ரோட்டுக்கு வந்துவிட்டேன்.